வேலூர் வெயிலுக்கு உலகச் சமையலை மாற்றுவது எப்படி

போன வருஷம் மே மாதம், ராத்திரி பதினொன்றரை மணி இருக்கும், எங்கள் சமையலறையில் டப்பென்று ஒரு சத்தம். சிலிண்டர்தான் போச்சு என்று பதறி ஓடினால் பாட்டில் மூடி ஒரு பக்கம், முள்ளங்கித் துண்டுகள் ஒரு பக்கம், மிளகாய்ச் சாறு சீலிங் வரைக்கும் தெறித்துக் கிடக்கிறது. கொரியாக்காரர்கள் காரமாகப் புளிக்கவைக்கும் காய்கறி ஊறுகாய், கிம்ச்சி, அதைச் செய்து பார்க்கலாம் என்று ஆசைப்பட்டதன் பலன். 'இரண்டு நாள் வெளியே வைக்கவும்' என்று செய்முறையில் போட்டிருந்தது, நானும் அப்படியே வைத்தேன். அந்த இரண்டு நாள் சியோல் பக்கத்து இரண்டு நாள் என்பது சீலிங்கைத் துடைக்கும்போதுதான் உறைத்தது. பாலாற்றங்கரையில், 41 டிகிரியில், அதற்கு வேறு கணக்கு.

பொருள் கிடைப்பது இப்போது பெரிய பிரச்சினையே இல்லை. போனில் ஆர்டர் போட்டால் மிசோ (ஜப்பான்காரர்களின் புளித்த சோயா விழுது) வருகிறது, ஆலிவ் எண்ணெய் வருகிறது, ஜாதிக்காய் அளவுக்கு இருக்கும் ஒரு டப்பாவில் மெக்சிகோ மிளகாய்கூட வருகிறது. வராதது அந்த ஊர் வெயிலும் குளிரும்தான். ஆகவே வேற்றூர்ச் செய்முறை ஒன்று கையில் கிடைத்தால் பொருளுக்கு என்ன மாற்று என்று தேடுவதற்கு முன்னால், அதில் இருக்கும் நேரங்களை எல்லாம் பென்சிலால் வட்டம் போட்டு நம் ஊருக்கு மாற்றி எழுதுங்கள். நான் சொல்ல வந்த முக்கியமான சங்கதி இதுதான், மீதியெல்லாம் இதிலிருந்து வருவது.

வேலூரில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீடு சைதாப்பேட்டையில் (சென்னை சைதாப்பேட்டை இல்லை, இங்கேயும் ஒன்று உண்டு), மாடி போர்ஷனை சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு மாத வாடகைக்கு விடுகிறோம். கொல்கத்தா, அசாம், திரிபுரா, ஜார்க்கண்ட், பங்களாதேஷ் என்று வந்துகொண்டே இருப்பார்கள். நோயாளிக்கு ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, ஆகவே வந்த மறுநாளே ஒரு அடுப்பு, ஒரு குக்கர், ஒரு கடாய் தேடுவார்கள். ஆஸ்பத்திரியைச் சுற்றி உள்ள கடைகளில் வங்காளத்தில் எழுதிய போர்டும் கடுகெண்ணெய் பாட்டிலும் சாதாரணம். அந்தப் பக்கம் விஐடி மாணவர்கள், இந்தப் பக்கம் ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் கம்பெனி வேலையாக ஐரோப்பா போய் வருகிறவர்கள், வளைகுடாவில் இருந்து லீவில் வரும் பிள்ளைகள். இன்னும் பத்துப் பதினைந்து வருஷத்தில் உலகச் சமையல் ஒன்றோடொன்று கலக்கப் போகிறது என்றால் அது ஸ்டார் ஓட்டலில் நடக்காது, இந்த மாதிரி இரண்டு குடும்பம் ஒரே அம்மிக்கல்லைப் பங்கு போடுகிற வீட்டில்தான் நடக்கும் என்பது என் கணிப்பு. பீட்சா தோசை, ஷெஸ்வான் தோசை எல்லாம் நானும் சாப்பிடுவேன், ஆனால் அதில் சீஸ் தோசை மேல் உட்கார்ந்திருக்கிறதே தவிர தோசை அப்படியேதான் இருக்கிறது. மாவிலும் தாளிப்பிலும் புளிப்பிலும் கை வைத்தால்தான் இரண்டு ஊர் சேரும்.

முதலில் ஒரு தராசு

ஏர் ஃப்ரையர், ஓடிஜி எல்லாம் அப்புறம். முதலில் கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். 'கைப்பிடி உப்பு' என்பது நம் கைக்குத் தெரிந்த சமையலுக்குச் சரி, தெரியாத சமையலில் அது சூதாட்டம். ஊறுகிற, புளிக்கிற எதுவாக இருந்தாலும் காய்கறி எடையில் நூற்றுக்கு 2 முதல் 2.5 பங்கு உப்பு என்ற கணக்கு இருந்தால் கெட்ட கிருமி அடங்கும், நல்லது வளரும். ஒரு கிலோ முள்ளங்கிக்கு 20 முதல் 25 கிராம். என் ஸ்பூனில் அளந்தபோது ஒரு நாள் 14 கிராம், ஒரு நாள் 31 கிராம். அப்படித்தான் இத்தனை நாள் சமைத்துக்கொண்டிருந்தேன்.

நேரத்தைக் கணக்கிட இட்லி மாவே போதும். கத்திரி வெயிலில் ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கி வழிகிற அதே மாவு, மார்கழியில் ராத்திரி முழுக்க உட்கார வைத்தாலும் அசையாமல் இருக்கும். பத்து டிகிரி ஏறினால் புளிக்கும் வேகம் சுமாராக இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்ளலாம். 20 டிகிரிக்கு எழுதிய செய்முறையில் இரண்டு நாள் என்றால் 30 டிகிரியில் ஒரு நாள், 40ஐத் தொட்டால் அரை நாள். இதில் இன்னொரு சுவாரஸ்யம், இட்லி மாவைப் பொங்க வைப்பதில் முக்கியப் பங்கு லியூகோனாஸ்டாக் மெசென்டராய்ட்ஸ் என்ற பாக்டீரியாவுக்கு, கிம்ச்சியின் ஆரம்ப நாட்களில் வேலை செய்வதும் அதேதான். அதாவது, கொரியாப் பாட்டிக்கு உதவுகிற அதே ஆள் நம் மாவுச் சட்டியிலும் ஏற்கெனவே கூலி வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கேழ்வரகில் இஞ்சிரா

எத்தியோப்பியாவில் டெஃப் என்ற பொடித் தானியத்தை அரைத்துப் புளிக்கவைத்துப் பெரிய தோசையாக ஊற்றுவார்கள், அதுதான் இஞ்சிரா. டெஃப் இங்கே கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை கட்டாது. ஆனால் கேழ்வரகு இருக்கிறதே. ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது யாராவது 'இது நம்ம மண்ணோட தானியம்' என்று சொன்னால் நான் சும்மா தலையாட்டுவேன். கேழ்வரகின் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலம், எத்தியோப்பியா, உகாண்டா பக்கம். சில ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்து சேர்ந்து நம் கூழாகவும் களியாகவும் ஆகிவிட்டது. எத்தியோப்பியாவில் இன்றும் கேழ்வரகைப் பயிர் செய்கிறார்கள், இஞ்சிராவிலும் சேர்க்கிறார்கள். ஆகவே இதில் நாம் எதையும் மாற்றி வைக்கவில்லை, ஒரு பழைய சொந்தத்தைக் கூப்பிடுகிறோம், அவ்வளவுதான்.

கேழ்வரகு மாவு 200 கிராம், பச்சரிசி மாவு 100 கிராம், தண்ணீர் சுமார் 450 மில்லி, நன்றாகப் புளித்த பழைய இட்லி மாவு இரண்டு மேசைக்கரண்டி. கட்டியில்லாமல் கரைத்து மூடி வையுங்கள். அடிஸ் அபாபா இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இருக்கும் குளிர்ந்த ஊர், அங்கே இரண்டு மூன்று நாள் வைப்பார்கள். இங்கே சித்திரை, வைகாசியில் காலையில் கரைத்தால் ராத்திரிக்குத் தயார், மார்கழியில் ஒன்றரை நாள். மேலே கலங்கிய தண்ணீர் தெளிந்து நின்று, மூக்கை வைத்தால் கூழ்ப் பானை வாசம் அடித்தால் சரியான பதம். தெளிந்த தண்ணீரைக் கொஞ்சம் ஒரு கிண்ணத்தில் எடுத்து வையுங்கள், அடுத்த தடவைக்கு அதுதான் உறை.

இனிமேல்தான் விஷயமே. ஒரு கரண்டி மாவை எடுத்து அரை டம்ளர் தண்ணீர் விட்டு அடுப்பில் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறியதும் மறுபடி மாவிலேயே கலக்க வேண்டும். எத்தியோப்பியாவில் இதற்கு அப்சிட் என்று பெயர். முதல் தடவை இதைத் தேவையில்லாத வேலை என்று விட்டுவிட்டேன், கல்லில் இருந்து எடுத்தால் அப்பளம் மாதிரி உடைந்தது. கேழ்வரகில் கோதுமை மாதிரி இழுவை கிடையாது, அந்தக் கஞ்சிதான் பிடிப்பு கொடுக்கிறது, குமிழியையும் பிடித்து வைக்கிறது. கலந்து ஒரு மணி நேரம் விட்டால் மாவு மறுபடி உயிரோடு மூச்சு விடும். நடுத்தர சூட்டில் தோசைக்கல், எண்ணெய் வேண்டாம், ஓரத்தில் ஆரம்பித்து வட்டமாக நடுவுக்கு ஊற்றிக்கொண்டு வாருங்கள், கரண்டியால் தேய்க்கக் கூடாது. மேலே சின்னச் சின்னக் கண் திறக்க ஆரம்பித்ததும் மூடி போட்டு ஒரு நிமிஷம். திருப்பிப் போடாதீர்கள். ஆப்பம் எடுக்கிற மாதிரி அப்படியே எடுத்துத் துணியில் ஆற விடுங்கள், சூட்டோடு அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும்.

தொட்டுக்கொள்ள அவர்கள் பருப்புக் குழம்பு மாதிரி ஒன்று செய்வார்கள், மிசிர் வாட். நம் மைசூர் பருப்பேதான். இதில் கற்றுக்கொள்ள வேண்டியது வெங்காய வித்தை. நாலு பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி எண்ணெயே இல்லாமல் வெறும் கடாயில், சின்னத் தீயில், அரை மணி நேரம் போல் வதக்க வேண்டும், பிடித்தால் ஒரு கை தண்ணீர் தெளிக்கலாம். எண்ணெய் முதலில் என்று பழகிய கைக்கு இது நரகம். வெங்காயம் ஜாம் மாதிரி ஆன பிறகு நெய், பூண்டு, இஞ்சி, மிளகாய்த்தூள், வறுத்த வெந்தயம், ஏலக்காய், கொஞ்சம் கிராம்பு, அப்புறம் பருப்பு. அதே வெங்காயத்தைப் போட்டு அடுத்த வாரம் ஒரு சாதாரண சாம்பார் வைத்துப் பாருங்கள், தெரியும்.

எங்கள் மாமியார் முதல் வாய் எடுத்துவிட்டு, 'இன்னாம்மா இது, கூழை தோசையா ஊத்தி வச்சிக்கீற?' என்றார். அப்புறம் முந்தின நாள் கருவாட்டுக் குழம்பைக் கேட்டு வாங்கி மூன்று சாப்பிட்டார். அவர் சொன்னதுதான் சரியான விளக்கம், எனக்கு எழுத இத்தனை பத்தி ஆகிறது.

மார்கழி கிம்ச்சி

வெடித்த பாட்டிலுக்கு வருவோம். முட்டைக்கோஸ் வகை கிம்ச்சியை விட முள்ளங்கித் துண்டில் செய்வது நமக்குச் சுலபம். ஒரு கிலோ வெள்ளை முள்ளங்கி, பாக்கெட் போடுகிற கேரம் காய் அளவுக்குச் சதுரமாக, தோல் சீவாமல் நன்றாகத் தேய்த்துக் கழுவி நறுக்குங்கள். 25 கிராம் கல்லுப்பில் ஒரு மணி நேரம் பிசறி வையுங்கள். அரிசி மாவு ஒரு மேசைக்கரண்டியைக் கஞ்சியாகக் காய்ச்சி ஆற வைத்து, அதில் எட்டுப் பத்துப் பல் பூண்டு, இஞ்சி ஒரு துண்டு, மிளகாய்த்தூள் 30 கிராம் கலந்து பிசறுங்கள். மிளகாய்த்தூள் என்றால் குண்டு மிளகாய் வேண்டவே வேண்டாம், பியாடகி மிளகாயை விதை தட்டிவிட்டுக் கரகரப்பாக அரைத்தால் நிறம் வரும், கண்ணில் தண்ணீர் வராது. அவர்கள் மீன் சாஸ் விடுவார்கள், நான் நெத்திலிக் கருவாட்டை வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்து ஒரு டீஸ்பூன் போடுகிறேன். சைவக்காரர்கள் அதை விட்டுவிடலாம், குறையொன்றும் பெரிதாக இல்லை.

பாட்டிலில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், மூடியை இறுக்காதீர்கள், கீழே ஒரு தட்டு. வெயில் காலத்தில் பத்து மணி நேரம் வெளியே, உடனே ஃப்ரிஜ்ஜுக்குள். ஆனால் உண்மையைச் சொன்னால் வெயில் காலத்தில் செய்யவே வேண்டாம், சீக்கிரம் புளித்து நறுக்கென்று இல்லாமல் கொழகொழத்துப் போகும். டிசம்பர், ஜனவரியில் ஜவ்வாது மலைப் பக்கம் இருந்து குளிர் காற்று இறங்குகிற அந்த ஆறு வாரம்தான் நமக்குக் கொரியா. கொரியாக்காரர்களும் குளிர்காலத்துக்கு முன்னால் ஊரே கூடிப் போட்டு வைப்பார்கள், கிம்ஜாங் என்று பெயர், 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. நாம் கத்திரி வெயிலில் தெருவே சேர்ந்து வடாம் பிழிவதற்கு யாரும் பட்டியல் போடவில்லை, போகட்டும்.

மேலே வெள்ளைப் படலம் மட்டும் என்றால் வழித்துவிட்டுச் சாப்பிடலாம். பச்சை, கறுப்பு, ரோஸ் என்று பூத்திருந்தால் மொத்தமாகக் கொட்டுங்கள், காசு போச்சே என்று பார்க்காதீர்கள்.

வடகம், அல்லது வடுவான்

வெயிலைக் குறை சொல்லிக்கொண்டே இருக்கிறேன், அதன் பெருமையையும் சொல்லிவிடுகிறேன். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், உப்பு எல்லாவற்றையும் இடித்து விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி மொட்டை மாடியில் காயவைக்கும் தாளிப்பு வடகம் இருக்கிறதே, அது பாண்டிச்சேரி வழியாகப் பிரெஞ்சுக்காரர்கள் சமையலறைக்குப் போய் வடுவான் என்று பெயர் வாங்கிக்கொண்டது. இன்று ஐரோப்பா, அமெரிக்காவில் வெங்காயம் பூண்டு வாசத்தோடு லேசான மசாலாப் பொடியாக டப்பாவில் விற்கிறார்கள். நம் மாடியில் காக்காய் விரட்டிக் காயவைத்ததன் தூரத்துச் சொந்தம்.

ஆகவே அவர்கள் பண்ணுகிறதை நாம் திருப்பிப் பண்ணலாம். இரண்டு ஸ்பூன் வெண்ணெயைச் சின்னத் தீயில் உருக்கி, ஒரு வடக உருண்டையை உதிர்த்துப் போட்டு, வெங்காயம் பொன்னிறமானதும் இறக்குங்கள். தாளிப்பு மாதிரி பெரிய தீயில் வைத்தால் வெண்ணெய் கருகும். இதை மசித்த உருளைக்கிழங்கு மேல் ஊற்றலாம், பொரித்த மீன் மேல் ஊற்றலாம், வெந்த ஸ்பாகெட்டியில் பிரட்டி ஒரு எலுமிச்சை பிழியலாம். என் பெண் விடுதியில் மாகியில் போடுகிறாள், அதற்கும் சரிதான். இது மாதிரி வெண்ணெயோ, பூண்டு போட்ட எண்ணெயோ மிஞ்சினால் ஃப்ரிஜ்ஜில் வைத்து மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள். பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்து வெளியே வைப்பது ஆபத்து, காற்றுப் போகாத எண்ணெய்க்கு அடியில் வளரும் கிருமியின் விஷம் வாசத்திலும் ருசியிலும் தெரியாது.

வெயில் உதவும் இன்னொன்று இந்தோனேசியாவின் டெம்பே. வேகவைத்த சோயாவில் பூஞ்சை உறை தூவி முப்பது டிகிரி சூட்டில் ஒன்றரை நாள் வைக்க வேண்டும், குளிர் நாட்டுக்காரர்கள் இதற்குப் பெட்டி கட்டி பல்ப் போடுகிறார்கள். நமக்கு ஆவணி, புரட்டாசியில் அலமாரித் தட்டு போதும்.

கடுகு

மாடியில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் மேற்கு வங்காளத்து மால்டாவில் இருந்து ஒரு அம்மா வந்திருந்தார், வீட்டுக்காரருக்கு ஆபரேஷன், நாலு மாதம் இருந்தார்கள். நான் தீதி (வங்காளத்தில் அக்கா) என்பேன், அவரும் என்னைத் தீதி என்பார், யார் பெரியவர் என்று கடைசி வரை முடிவாகவில்லை. ஒரு நாள் என்னிடம் கடுகு கேட்டார். தாளிக்கத்தான் என்று ஒரு ஸ்பூன் கொடுத்தால் சிரித்துவிட்டு டம்ளரை நீட்டினார். அதைக் கொஞ்ச நேரம் ஊறவைத்து, பச்சை மிளகாயும் உப்பும் சேர்த்து, பச்சைத் தண்ணீர் தெளித்து அம்மியில் அரைத்தார். முகர்ந்து பார் என்று கையை நீட்டினார், மூக்கில் ஏறி உச்சந்தலையில் அடித்தது, எனக்குக் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர்.

நாற்பது வருஷமாகக் கடுகு வெடித்துக்கொண்டிருக்கிறேன், கடுகுக்கு இந்தக் காரம் உண்டு என்று தெரியாது. கடுகு நசுங்கித் தண்ணீர் பட்டால்தான் அந்த நெடி உண்டாகும், சூடான எண்ணெயில் போட்டால் நெடியை உண்டாக்கும் நொதி செத்துவிடும், அதனால்தான் நம் தாளிப்பில் வாசம் மட்டும் இருக்கிறது. உப்பும் மிளகாயும் சேர்த்து அரைத்தால் கசக்காது என்பது தீதி சொன்னது. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் (2023இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதே) நாலு துண்டாக வகுந்து, மஞ்சள் உப்பு தடவி வறுத்து, இந்த விழுதை அடுப்பை அணைப்பதற்கு ஒரு நிமிஷம் முன்னால் சேர்த்துப் பாருங்கள். ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காய்க்கு இது சித்தி முறை.

அதே கத்தரிக்காயை நேரடித் தீயில் தோல் கருகச் சுட்டு, மூடி வைத்து உரித்து, மூன்று கிண்ணத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் புளியும் வெங்காயமும், நம் கொத்சு. ஒன்றில் பச்சைக் கடுகெண்ணெயும் பச்சை மிளகாயும், வங்காளத்து பேகுன் போரா. மூன்றாவதில் லேசாக வறுத்து அரைத்த வெள்ளை எள்ளு விழுது, எலுமிச்சை, பூண்டு, லெபனான் பக்கத்து பாபா கனூஜ். எள்ளு அரைக்கும்போது நல்லெண்ணெய் ஒரு ஸ்பூனுக்கு மேல் விட்டால் எள்ளுருண்டை வாசம் வந்துவிடும், ஜாக்கிரதை.

சுண்ணாம்பு

மெக்சிகோவின் மக்காச்சோள ரொட்டியான டார்ட்டியா செய்ய மக்காச்சோள மாவை அப்படியே பிசைந்தால் சேராது. உலர்ந்த மக்காச்சோளம் அரைக் கிலோவுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், சமையலுக்கு உகந்த சுண்ணாம்புத் தூள் 5 கிராம் போட்டு, தோல் கழலும் வரை அரை மணி முக்கால் மணி வேகவைத்து ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டும். எவர்சில்வர் பாத்திரம்தான், அலுமினியம் கூடாது. வாசனை சேர்த்த வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம். காலையில் நாலைந்து தண்ணீரில் தேய்த்துக் கழுவிக் கிரைண்டரில் கெட்டியாக அரைத்து, இரண்டு பிளாஸ்டிக் கவருக்கு நடுவே தட்டைக்குத் தட்டுகிற மாதிரி தட்டிக் கல்லில் போடுங்கள். இந்தச் சுண்ணாம்பு வேலை வெறும் பதத்துக்கு இல்லை. மக்காச்சோளத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனவர்கள் சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனார்கள், அதையே சாப்பிட்டு வாழ்ந்த ஏழை ஜனங்களுக்கு நயாசின் என்ற வைட்டமின் கிடைக்காமல் பெல்லக்ரா நோய் வந்தது. ஆகவே எந்த ஊர்ச் செய்முறையிலும் ஒரு படி உங்களுக்குக் காரணம் புரியவில்லை என்றால், அதை முதல் தடவை தாண்டாதீர்கள். நான் அப்சிட்டைத் தாண்டியதைத்தான் மேலே சொன்னேனே.

கடைசியாக இரண்டு சில்லறை விஷயம். பாட்டில் மேல் ஒரு காகிதம் ஒட்டித் தேதி, வைத்த மணி, அன்றைய வெயில் மூன்றையும் எழுதுங்கள், ஒரு வருஷத்தில் உங்கள் வீட்டுக்கென்று ஒரு கணக்குப் புத்தகம் தயாராகிவிடும், அது எந்த வீடியோவிலும் கிடைக்காது. அப்புறம், இஞ்சிரா மிஞ்சினால் தூக்கிப் போடாதீர்கள். கையால் பிய்த்து, மிச்சம் இருக்கும் பருப்புக் குழம்பைச் சுடவைத்து அதில் போட்டுப் பிரட்டுங்கள், கொத்து பரோட்டாவுக்குத் தம்பி. எத்தியோப்பியாவில் அதற்கு ஃபிர்ஃபிர் என்று பெயர், காலை டிபன். எங்கள் வீட்டில் அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, ஆனால் ராத்திரி இரண்டு கூடுதலாக ஊற்று என்று மாமியார்தான் சொல்லிவிட்டுப் படுக்கப் போகிறார்.